ஆண்டறிக்கை: எழுதியவர் பட்ட பாடும் எழுதிய கதையும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் மாதாமாதம் கூடும் நம் வாசகர் வட்டத்தில் சென்ற ஆண்டு என்ன நடந்தது என்பதைச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கூட்டம் கிடையாது என்ற நம் எழுதாத விதி இந்த மழைக்காலத்திலும் காப்பாற்றப்பட்டது.

ஆண்டு முழுக்க ஒரே பொருள்தான். எழுத்தாளர் பட்ட கஷ்டம் தெரிந்தபின் அவர் கதை நமக்கு என்னவாக மாறுகிறது?

புதுமைப்பித்தனில் தொடங்கினோம். பக்கத்துப் புனேவில் அவர் உடம்பு கெட்டதாலோ என்னவோ, நம்மவர்கள் அவரிடம் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்வார்கள். நடிகர் தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுத வந்தவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார், வயது 42. இதைச் சொல்லிவிட்டு 'செல்லம்மாள்' கதையை வாசித்ததும் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவி, ஜவுளிக்கடையில் உழைக்கும் கணவர், வறுமை, நோய், சாவு, இதெல்லாம் அவர் பட்டதுதானே என்றார்கள். செம்பூரிலிருந்து வரும் அண்ணன்தான் குறுக்கிட்டார்: கதை வெளிவந்தது 1943-இல், புனேவுக்கு அவர் போனது அதற்குச் சில வருஷம் கழித்து, பின்னால் வந்த நோயை முன்னால் எழுதிய கதைக்குள் எப்படித் திணிக்கிறீர்கள்?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே இன்னொன்றையும் எடுத்துப் போட்டார். அதே 1943-இல்தான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வந்தது. சென்னைக்கு வந்த கடவுளிடமே தன் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா, வாங்கப் பார்க்கிறார் பிள்ளை. ஒரே ஆள், ஒரே ஊர், அதே பற்றாக்குறை, ஒன்று நெஞ்சை அடைக்கிறது, மற்றது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது. கஷ்டம்தான் கதையை எழுதியது என்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்? இந்த ஆண்டில் பேசியதிலேயே உருப்படியான கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

மனைவி கமலாவுக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்களைக் கூட்டத்தில் வாசிக்கலாமா என்பதில் சண்டையே வந்தது. சயானிலிருந்து வரும் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார், 'அது பெண்டாட்டிக்கு எழுதினது, நமக்கா எழுதினார்?' என்று. அச்சில் வந்துவிட்ட பிறகு என்ன ரகசியம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

எழுத்தாளர் ஜி. நாகராஜனுக்கு ஒதுக்கிய கூட்டம் சுமார்தான். கணக்கு வாத்தியார், போதை, மதுரைத் தெருக்கள், 1981-இல் வந்த சாவு என்று வாழ்க்கைக் கதையிலேயே நேரம் போய்விட்டது. 'நாளை மற்றுமொரு நாளே' நாவலைக் கந்தனுடைய ஒரே நாளுக்குள் அவர் எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்கிறார் என்று பேச ஆளில்லை. வாழ்க்கை தாறுமாறாக இருந்தது என்பதற்காக எழுத்தும் தன்னால் கொட்டியது என்று நினைப்பது அந்த மனிதரின் உழைப்பைத் திருடுவது மாதிரி.

உருது எழுத்தாளர் மண்ட்டோ பற்றிய கூட்டத்துக்குத்தான் நல்ல வருகை, நம்ம பைகுல்லாவில் குடியிருந்தவர் ஆயிற்றே. சினிமாக் கம்பெனிகளுக்கு எழுதி, 1948-இல் லாகூர் போய், வழக்கும் குடியுமாக 1955-இல் கண்ணை மூடினார், அவருக்கும் 42 வயதுதான். குடியை நிறுத்த அங்கே மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்று தெரிந்த பிறகு 'டோபா டேக் சிங்' கதையைப் படித்தால், அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் பேச்சு வேறு மாதிரி காதில் விழுகிறது. இங்கே வாழ்க்கை நிஜமாகவே ஒரு கதவைத் திறக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேசத்தைப் பிரித்ததுபோல் பைத்தியங்களையும் பிரித்தால் என்ன ஆகும் என்ற யோசனையை எந்த ஆஸ்பத்திரியும் அவருக்குக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் வைத்து வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. டீ வரும்வரை கதை மட்டும், எழுதியவர் யார் என்ற பேச்சே கூடாது, டீக்குப் பிறகு வாழ்க்கையைப் பேசிக்கொள்ளலாம். கதை வந்த வருஷத்தை முதலிலேயே பலகையில் எழுதிவிட வேண்டும். டீயைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லும் உறுப்பினர்கள் யார் என்பது செயற்குழுவுக்குத் தெரியும்.

நூலகப் புத்தகங்களை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பிக் கொடுக்கவும். ஆண்டுச் சந்தா பாக்கியைப் பொருளாளரிடம் நேரில் கட்டலாம், ஜீவிய சந்தா வசதி நம்மிடம் இல்லை.