வளைவு அப்புறம் கட்டிக்கொள்ளலாம், தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உன்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் ஊரில் படித்து வெளிநாட்டுக்குப் போனவர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்டப் பணம் தருவதாகச் சொன்னாரே, வாங்கலாமா என்று போனில் கேட்டாய். 2022இலிருந்து இரண்டு வருடம் எங்கள் ஊரில் அதே பொறுப்பில் இருந்தவள் நான். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு முதல் வருடம் நன்கொடையாக வந்த பணம் முழுவதையும் பெயிண்டில் போட்டோம். சுவரெல்லாம் மரம், மான், திருவள்ளுவர். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வரும். வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடுவாள். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று திட்டியிருக்கிறேன். பல மாதம் கழித்துத்தான் சொன்னாள்: பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் பெண் பிள்ளைகள் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தோம். ஒருத்திகூட அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

நீ நாளைக்கே போய்ப் பார். மோட்டார் ஓடுகிறதா, டேங்கிலிருந்து கழிப்பறைக் குழாய் வரைக்கும் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியும் மக்கும் இருக்கின்றனவா. சுத்தம் செய்யும் அம்மாவிடம் தனியாகப் பேசு. சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதமாக வரவில்லை, பினாயில் யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று கேள். அவருக்குச் சம்பளம் வராத மாதங்களில் கழிப்பறை எப்படிச் சுத்தமாக இருக்கும்? துணைத் தலைவராக இருப்பவர் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் அம்மாதானே, அவரையும் கூட்டிக்கொண்டு போ. சாய்தளமும் கைப்பிடியும் எங்கே வேண்டும் என்று நம்மைவிட அவருக்குத்தான் தெரியும்.

பள்ளி மானியக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது விதி. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் அது போதும்.

அடுத்தது ஆசிரியர். இதைத்தான் நீ விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் தொடக்கப் பள்ளியில் 54 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பையும் ஒருவர்தான் பார்க்க வேண்டும். அவரே எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரமும் ஏற்ற வேண்டும். எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் என்ன செய்வார், பாவம்! கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். அப்படியென்றால் உனக்கு இன்னும் ஏழு பிள்ளைகள் வேண்டும்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். தினமும் காலையில் மெயின் ரோட்டில் தனியார் பள்ளி வேனுக்காக நிற்கிறார்கள். அந்த அம்மாக்களிடம் பேசு, ஆனால் குறை சொல்லிப் பேசாதே. அவர்களும் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிறார்கள். காலைச் சாப்பாடு முதல் பாடப்புத்தகம் வரைக்கும் இங்கே கிடைப்பதையெல்லாம் சொல், வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல். ஏப்ரலில் அங்கன்வாடிக்குப் போய் ஐந்து வயது முடிகிற குழந்தைகளின் பெயரை எழுதிக்கொண்டு வா. ஜூனில் போனால் வேன் முந்திக்கொள்ளும்.

அப்புறம், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று பார். கூட்டத்தில் கட்டடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம், இதைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேச மாட்டோம். கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில், சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது உனக்கு நினைவிருக்கும். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள்; அரும்புதான் ஆரம்ப நிலை. ஒவ்வொரு கூட்டத்திலும் டீச்சரிடம் ஒரே கேள்வி கேள்: அரும்பில் இப்போது எத்தனை பேர்? நான்காம், ஐந்தாம் வகுப்பில் இன்னும் அரும்பில் இருக்கும் பிள்ளைகள் யார் யார்? பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கூனிக்குறுகிவிடுவார்கள். விசாரணை மாதிரியும் கேட்காதே. "நாங்கள் என்ன செய்யட்டும் டீச்சர்" என்று கேள். எங்கள் பள்ளியில் காலேஜ் முடித்த இரண்டு பெண்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினொரு பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள், வாசிக்கவும் வைத்தார்கள். பொங்கலுக்குள் எட்டுப் பேர் தாங்களாகவே வாசித்தார்கள். பெயிண்ட் அடித்த சுவரைப் பார்த்தபோது வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது. இந்த முறை முன்னாள் மாணவர்களையும் குழுவில் சேர்த்திருக்கிறார்களே, அவர்களிடம் இந்த வேலையைக் கொடு.

தலைமை ஆசிரியர் நல்லவர்தான், இருந்தாலும் மினிட்ஸ் நோட்டில் தீர்மானத்தை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்ற தீர்மானத்தின் நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. தண்ணீர்ப் பிரச்சினையை அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் எழுந்து சொல். முதல் தடவை குரல் நடுங்கும். எனக்கும் நடுங்கியது.

வளைவு விஷயம். அவரிடம் வேண்டாம் என்று சொல்லாதே, மனசு சங்கடப்படுவார். கழிப்பறைக் கதவையும் காலியான டேங்கையும் போட்டோ எடுத்து அனுப்பி, இதை முதலில் செய்து தாருங்கள் அண்ணா என்று கேள். அந்தப் பள்ளியில் படித்தவர், புரிந்துகொள்வார்.

ஏப்ரலில் அங்கன்வாடிக்குப் போகும்போது சொல்லு. நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா