கழுத்துக்கு க்ரீம் தேடாதே

அன்புள்ள கவிதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா மட்டும் மாத்திரையை நான் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாய் என்று பார்த்திருந்தோம். சரி, வேலை இருந்திருக்கும். டீம் லீடர் ஆகிவிட்டாயாம், சித்தி தெருவெல்லாம் சொல்கிறாள். பெருமையாகத்தான் இருக்கிறது. அதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

காதுகுத்து அன்று அந்த வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை நீ. பூ வைத்துவிடும்போதுதான் பார்த்தேன். பின்கழுத்து மடிப்பெல்லாம் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருக்கிறது. சங்கிலிக்குக் கீழே சின்னச் சின்ன மரு. அத்தை வேறு, "கவரிங் போட்டியா, கழுத்து இப்படிக் கறுத்திருக்கு?" என்று கேட்டாள். உன் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அது அழுக்கும் இல்லை, கவரிங் கறையும் இல்லை கண்ணு. சர்வீஸ் முழுக்க நர்ஸ் வேலை பார்த்தவள் சொல்கிறேன். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரந்து கொட்டும். அந்த அதிகப்படி இன்சுலின் தோலையும் தூண்டிவிடும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று கறுக்கும். பல பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். தீட்டு தள்ளிப்போகிறது என்று தீபாவளிக்குச் சொன்னாயே, பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தாலும் இப்படி வரும். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

எலுமிச்சம்பழம், ஸ்க்ரப் என்று தேய்க்காதே. புண்ணாகி இன்னும் கறுக்கும். மருவை முடி கட்டி அறுக்காதே. மெடிக்கலில் கேட்டு வெளுக்கிற க்ரீம் வாங்காதே. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) பார். மூன்று மாதக் கணக்கு 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.4 வரை எல்லைக்கோடு. 6.5-ஓ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய்தான். எல்லைக்கோட்டில் இருந்தால் எடையைக் கொஞ்சம் குறைத்து, தினம் நடந்தாலே பெரும்பாலும் தள்ளிப்போடலாம். கறுப்பும் மெதுவாக மங்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டால் எப்படி மங்கும்?

பெரியப்பா கால் விஷயத்தை நான் எழுத வேண்டியதில்லை. உனக்கு வயது இருக்கிறது, நேரம் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், க்ரீம் வேண்டாம், ரத்தம் பார்.

ரிப்போர்ட்டை எனக்கு மட்டும் அனுப்பு, அப்பாவிடம் நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலையில் டீகூடக் குடிக்காமல் லேபுக்குப் போ. ரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டுப் போன் செய்.

அம்மா