சேமித்த கட்டணமும் திருத்திய கட்டுரைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் உயர்கல்விக்கு ஆகும் செலவைக் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதல் 2 ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரியில் முடித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டால் கட்டணத்தில் பெருந்தொகை மிஞ்சும் என்று அக்கட்டுரை சொன்னது சரியே. ஆனால், அங்கே கற்பிப்பவர்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியும், பல்கலைக்கழகங்களில் வேலை கிடைக்காதவர்களே அங்கு ஆசிரியர்களாக இருக்கிறார்கள் என்ற பொருளைத் தந்தது. கலிபோர்னியாவில் 14 ஆண்டுகளாகச் சமுதாயக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்து வருபவள் என்ற முறையில் அந்த வரியை என்னால் அப்படியே விட்டுவிட இயலவில்லை.

இக்கல்லூரிகளின் வரலாறு 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், வீட்டுக்கு எட்டும் தொலைவில், குறைந்த செலவில், எல்லோருக்குமான கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்த பிறகே அவை பெருகின. இன்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல். கலிபோர்னியாவில் மட்டும் 116. பள்ளிப் படிப்பை முடித்த எவரும் போட்டித் தேர்வு எதுவுமின்றிச் சேரலாம். செவிலியர் பணிக்குப் படிக்க வந்தவரானாலும், கணினி படிக்க வந்தவரானாலும், பட்டம் பெறவோ பல்கலைக்கழகத்துக்கு மாறவோ வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் தேறியாக வேண்டும். தங்கள் கட்டுரை கணக்கிட்டுக் காட்டிய சேமிப்பு ஒரு மாணவருக்குக் கிட்டுவதும் கிட்டாமல் போவதும் பெருமளவுக்கு இந்த ஒரு வகுப்பைப் பொறுத்தது.

என் மாலை 6 மணி வகுப்பில், முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்குச் செல்லும் முன் வந்து அமரும் பெண்ணும், ராணுவத்திலிருந்து திரும்பியவரும், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே கல்லூரிப் பாடம் படிக்க அனுமதி பெற்ற 17 வயதுப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீடுகளில் பேசப்படும் மொழிகள் வேறு வேறு. அந்த மொழிகளின் சுவடு அவர்களுடைய ஆங்கிலத்தில் தெரியும். ஸ்பானிய மொழியில் தமிழைப் போலவே வினைச்சொல்லே செய்தவர் யார் என்பதைக் காட்டிவிடும். அதனால் அம்மொழிக்காரர் ஆங்கிலத்திலும் சில இடங்களில் எழுவாயை விட்டுவிடுவார். வியட்நாமிய மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. அதனால் நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் a, the போன்ற சிறு சொற்களை நானும் என் இளமையில் விட்டு விட்டுத்தான் எழுதினேன், ஏனென்றால் தமிழில் அப்படியொன்று இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல் நகரின் பள்ளிப் படிப்பை முடித்த அனைவருக்கும் இடமளித்தபோது அங்கே கற்பித்த மினா ஷாக்னெசி, ஆயிரக்கணக்கான மாணவர் கட்டுரைகளை வாசித்து, அவற்றிலுள்ள பிழைகள் சோம்பலின் அடையாளம் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒழுங்கும் உண்டு என்று 1977-ல் எடுத்துக்காட்டினார். எங்கள் பணியின் அடித்தளமாக நான் கருதுவது அதைத்தான். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவது எளிது. அது எங்கிருந்து வந்தது என்று கண்டறிய அந்த மாணவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன இரவுப் பணிப் பெண் ஒருமுறை ஒரே பத்தியில் ஒரு கட்டுரை கொண்டுவந்தார். 9 வயதில், ஆங்கிலம் அறியாத தாய்க்கு மருத்துவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னதாகவும், பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். "எதைச் சொல்லாமல் விட்டீர்கள்?" என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் 5 பக்கங்கள் வந்தன. அந்தப் பக்கங்களை வாசித்த இரவை நான் மறக்கவில்லை. இந்தத் தொழிலில் ஊதியத்தைத் தாண்டி எங்களைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான்.

ஆனால், அப்படி ஒரு கேள்வியை எழுதுவதற்கு அந்தப் பத்தியை நிதானமாக இரண்டு முறை வாசித்திருக்க வேண்டும்; அதற்கான நேரம்தான் எங்களிடம் இல்லை. ஒரு பருவத்தில் எனக்கு 4 வகுப்புகள்; வகுப்புக்கு 25 பேர் என்றால் 100 மாணவர்கள். ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் செலவிட்டால் ஒரு சுற்று திருத்தி முடிக்க 33 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பருவத்துக்கு இத்தகைய சுற்றுகள் 4. முதல் வரைவுகளைப் படிப்பது இதில் சேராது. எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, ஓர் ஆசிரியரிடம் எழுத்து மாணவர்கள் 60 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஆங்கில ஆசிரியர்களுக்கான தேசிய அமைப்பின் நெடுநாளைய பரிந்துரை. பரிந்துரைக்குச் சட்ட வலிமை இல்லை.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ 3-ல் 2 பங்கினர் பகுதிநேரத்தினர் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். கலிபோர்னியச் சட்டப்படி, பகுதிநேர ஆசிரியர் ஒரு கல்லூரி மாவட்டத்தில் (ஒரு வட்டாரத்தின் சமுதாயக் கல்லூரிகளை நடத்தும் அமைப்பில்) முழுநேரப் பணிச்சுமையில் 67 விழுக்காட்டுக்கு மேல் கற்பிக்க முடியாது. ஆகவே வாழ்க்கையை நடத்த 2 அல்லது 3 மாவட்டங்களில் வகுப்பெடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஓர் ஊர், மாலையில் வேறோர் ஊர், இடையில் நெடுஞ்சாலை; இப்படி ஓடுபவர்களுக்கு இங்கே 'ஃப்ரீவே ஃப்ளையர்' (நெடுஞ்சாலையில் பறப்பவர்) என்று பெயரே உண்டு. பலருக்குத் தனி அறை கிடையாது. மாணவர் தனியே பேச வந்தால் நூலகத்தின் மூலையிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ நின்று பேசுகிறோம். ஊதியம் பெரும்பாலும் வகுப்பில் நிற்கும் மணிக்கணக்குக்கே. திருத்தும் 33 மணி நேரம் அந்தக் கணக்கில் தனியாக வராது. பணி உறுதியும் பருவத்துக்குப் பருவம்தான். முழுநேர ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் போதிய மாணவர் சேராவிட்டால் பகுதிநேர ஆசிரியரின் வகுப்பை எடுத்து அவருக்குக் கொடுப்பார்கள். பருவம் தொடங்க 6 நாட்களே இருந்தபோது எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. கற்பிக்கும் நேரத்தில் 75 விழுக்காடு முழுநேர ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1988-லேயே இலக்கு வைத்தது. மாநில அளவில் அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை.

கலிபோர்னியாவில் 2017-ல் வந்த சட்டம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பு, ஒரு நுழைவு மதிப்பீட்டுத் தேர்வின் அடிப்படையில் ஏராளமான மாணவர்களை அடிப்படை ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டத்துக்கு உதவாத அந்த வகுப்புகளைப் படிக்கட்டு போல ஒன்றன்பின் ஒன்றாக ஏற முயன்று பாதியில் நின்றவர்கள் மிகப் பலர். இப்போது பள்ளி மதிப்பெண்களைக் கொண்டு, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் வகுப்பிலேயே பெரும்பாலானோர் நேரடியாகச் சேர்கிறார்கள்; தேவைப்படுபவர்களுக்கு அதனுடன் கூடுதல் துணை வகுப்பு உண்டு. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் மாவட்டச் சமுதாயக் கல்லூரியில் 2007-ல் தொடங்கிய முறையில், அந்தத் துணை வகுப்பை அதே ஆசிரியரே சிறு குழுவாக வைத்து நடத்துவார். சட்டம் வந்தபோது ஐயப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அது சரியான மாற்றம் என்றே எண்ணுகிறேன். ஆயினும், சிறு குழுவும் அதே ஆசிரியரும் இல்லாத இடங்களில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்தே திணறுவதைப் பார்க்கிறேன்.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வந்தபின், ஒரு நல்ல வாக்கியத்தைக் கண்டதும் மகிழ்ச்சிக்கு முன்னால் ஐயம் எழுகிறது. இது எங்களை மிகவும் வருத்தும் மாற்றம். மாணவரை அருகில் அமர்த்தி, வரைவை அவர் வாயாலேயே விளக்கச் சொல்வதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கும் நேரமே வேண்டும்.

வேறு வேலை கிடைக்காததால் இங்கே வந்தவர்கள் என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவின் முதல் பெண்மணியாக வெள்ளை மாளிகையில் வாழ்ந்த ஆண்டுகளிலும் ஜில் பைடன் நார்தர்ன் வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தார்; விமானப் பயணங்களிலும் அவர் மாணவர் தாள்களைத் திருத்தியதாகச் செய்திகள் வந்தன. போக்கிடம் இல்லாமல் அவர் அதைச் செய்யவில்லை. புகழ் இல்லாத என் சக ஆசிரியர்களும் அப்படித்தான். அவர்களில் கவிஞர்கள் இருக்கிறார்கள், நாடகம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், ஒரே நாவலை ஆண்டுக்கொருமுறை மீண்டும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கியத்தில் முதுகலை படித்த எங்களுக்கு இலக்கிய வகுப்பு எப்போதாவதுதான் வாய்க்கிறது. வாய்த்தாலும் சேர்க்கை குறைந்தால் அது நீக்கப்படும். சிறுகதை வகுப்பு ஒன்று இருமுறை நீக்கப்பட்டு மூன்றாம் முறை எனக்குக் கிடைத்தபோது, வந்து சேர்ந்த 18 பேரில் மின்பணியாளர் ஒருவர், தாம் முழுமையாக வாசித்த முதல் கதை இது என்று சொல்லி, வகுப்பு முடிந்தும் போகாமல் அக்கதையின் முடிவைப் பற்றி என்னோடு வாதிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே, அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே குடியேறியுள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் தங்கள் நாளிதழை வாசிக்கிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் கட்டணத்தோடு இன்னும் இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்று எழுதுங்கள்: ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள், அதை நடத்துபவருக்கு மாணவரோடு அமர்ந்து பேச ஓர் அறையும் ஊதியத்துடன் கூடிய நேரமும் தரப்பட்டிருக்கிறதா என்பவை. கல்லூரி மாவட்டங்களின் ஆட்சிக் குழு உறுப்பினர்கள் இங்கே மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். வாக்குரிமை உள்ள பெற்றோர் அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
சமுதாயக் கல்லூரி ஆங்கில ஆசிரியை ஒருவர்,
கலிபோர்னியா