செல்லிக்காகக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

முதுகெலும்பு முறிந்த நிலையில் மீட்புக்குழு எங்களிடம் ஒப்படைத்த முயல் செல்லி மறுபடி சாப்பிடுகிறாள். இன்று காலை யாரும் ஊட்டாமல், தானே கழுத்தை நீட்டித் தட்டிலிருந்த புல்லை இழுத்துத் தின்றாள். அவள் சாப்பிடாமல், குடல் சரியாக இயங்காமல் கிடந்த நாட்கள் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களுக்குள் மறுபடி போய்வர எனக்குத் தெம்பில்லை. பதற்றம் முழுதாக அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, தாம்பரத்தில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கு. உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முயலின் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதை இயக்குவது புல்லில் இருக்கும் நார். அரை நாள் வாய் வைக்காமல் கிடந்தாலே முயலின் உயிருக்கு ஆபத்து. செல்லிக்கோ இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மற்ற முயல்கள் உடலை வளைத்து, தாம் இடும் மென்மையான புழுக்கையை வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். அதிலிருந்து அவற்றுக்குப் புரதமும் வைட்டமின்களும் கிடைக்கின்றன. செல்லியால் அப்படி வளைய முடியாது, நாங்கள்தான் எடுத்து அவள் வாயருகே நீட்ட வேண்டும். முயல் என்றால் கேரட் என்று படம் பார்த்தே பழகிவிட்டோம். உண்மையில் அதன் வயிறு கேட்பது புல், புல், மேலும் புல்.

நல்ல புல்லுக்கு நகரத்தில் எங்கே போவது? தினமும் அருகம்புல் வாங்க வரும் என்னிடம் அக்கா ஒரு நாள், "வீட்டில் ஏதாவது வேண்டுதலா அம்மா?" என்று கேட்டார். செல்லியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை எனக்கென்று ஒரு தனிக்கட்டு காத்திருந்தது.

அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலை மின்சார ரயிலில் வருகிறார் அக்கா. பூச்சிமருந்து அடிக்கும் வயல்வரப்பை விட்டுவிட்டு, தன் வீட்டுக் கிணற்றுமேட்டில் முளைக்கும் புல்லையே எங்களுக்காகப் பறித்து வருவார். கோரையையும் நெருஞ்சியையும் பொறுக்கி எறிந்து, மண் ஒட்டிய அடித்தண்டைக் கிள்ளிவிட்டு, நுனிகளை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். சாமிக்குப் போகும் கட்டில்கூட அவ்வளவு நேர்த்தியை நான் பார்த்ததில்லை. மழை விடாமல் பெய்த நாட்களில் ஈரப்புல்லைத் தன் வீட்டுத் திண்ணையில் உலர்த்தி, செய்தித்தாளில் சுருட்டி, பூக்கூடைக்கு அடியில் நனையாமல் வைத்துக் கொண்டுவந்தார்.

செல்லி மிக மோசமாக இருந்த நாள் சங்கடஹர சதுர்த்தியாக அமைந்துவிட்டது. அருகம்புல் விற்பவர்களுக்கு மாதத்தில் அதுதான் பெரிய நாள். நான் போய்ச் சேர்ந்தபோது கூடை காலி, கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா மடியிலிருந்து எங்கள் கட்டை எடுத்து நீட்டினார். காசை வாங்கவில்லை. "புழுக்கை போட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு நாளும் அதே கேள்விதான். சொந்தக்காரர்கள் பலர், "இன்னுமா அந்த முயலை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்கள். செல்லியைக் கண்ணால்கூடப் பார்த்திராத அக்கா, மருத்துவர் கேட்கும் கேள்வியைக் கேட்டார். குடல் வேலை செய்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கடுகளவில் சிறுத்தும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டும் வந்த புழுக்கை மறுபடி உருண்டு திரண்டு விழுந்த அன்று, நான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அவரிடம்தான். அவர் தன் காசில் ஒரு தேங்காய் வாங்கிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மனதில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. வலிமருந்தும் தோலுக்கடியில் திரவமும் கொடுத்துச் செல்லியை மீட்ட வேப்பேரி கால்நடை மருத்துவமனை மருத்துவர்கள். அடிவயிற்றை எங்கே பிடித்து எவ்வளவு அழுத்தினால் சிறுநீர்ப்பை வலிக்காமல் காலியாகும் என்று என் கைமேல் கைவைத்துக் கற்றுக்கொடுத்த மாணவி. சிறுநீர் பட்டுத் தோல் வெந்துபோகாமலிருக்கப் பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்த கீழ்வீட்டுப் பாட்டி. குலுக்கல் இல்லாமல் ஓட்டிச்சென்ற ஆட்டோ அண்ணன். பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்கள். என்னை நம்பி இவளை ஒப்படைத்து, பாதி ராத்திரியிலும் தொலைபேசியை எடுத்த மீட்புக்குழுத் தோழிகள். உங்கள் எல்லோருக்கும் என் கைகூப்பிய நன்றி.

செல்லியின் முதுகெலும்பு எப்படி முறிந்தது என்று யாருக்கும் தெரியாது. முயலுக்கு எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ மிக வலுவானது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், பயத்தில் அது உதைக்கும் உதையிலேயே அதன் முதுகு முறியக்கூடும். சந்தையில் ஆசைப்பட்டுக் குட்டி வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? இனி எந்தக் குழந்தை கையில் முயலைப் பார்த்தாலும் நின்று, ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில் என்று காட்டிவிட்டுத்தான் நகர்வேன். இது நான் எடுத்துக்கொண்ட உறுதி. இன்னொன்றும் உண்டு. செல்லியை நிரந்தரமாக ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பழகி, அவளுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் தம் கையால் செய்யக் கற்ற பிறகே அனுப்புவேன். அதுவரை அவள் எங்கள் வீட்டுப் பெண்.

அக்கா வேரோடு கொடுத்த அருகம்புல்லை மொட்டைமாடியில் தொட்டிகளில் வைத்திருக்கிறோம், நன்றாகப் படர்கிறது. மருந்து எதுவும் அடிப்பதில்லை. முயல் வைத்திருப்பவர்கள் தாராளமாக வந்து அறுத்துக்கொண்டு போகலாம். கோயிலுக்கு வேண்டுமென்றால் மட்டும் அக்காவிடமே காசு கொடுத்து வாங்குங்கள்.