படுக்கைப் புண்: இரவுப் பணிச் செவிலியர் கவனத்திற்கு

சிஸ்டர்கள் அனைவருக்கும் வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது இரவிலும் தவறக்கூடாது. ஆள் பற்றாக்குறை நம்மை எப்படி வாட்டுகிறது என்பது தெரியும். கூடுதல் ஆள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் புண் அதுவரை காத்திருக்காது.

திருப்பும்போதெல்லாம் வால் எலும்புப் பகுதி, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் அதுவே முதல் நிலைப் புண். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது.

யாரையும் தனியாகத் தூக்காதீர்கள். விரிப்பைப் பிடித்து இருவராக நகர்த்துங்கள். உங்கள் முதுகும் எங்களுக்கு முக்கியம். திருப்பிய நேரத்தைக் குறிப்பேட்டில் உடனே எழுதிவிடுங்கள்.