ஸ்டீரியோ மாற்ற வயரை வெட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம், கடைசி வரியில் ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம்’ என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள். அந்த மின்கசிவு எப்படி வருகிறது என்று எழுதுவதில்லை. எல்லாத் தீக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்டீரியோ, ஹாரன், லைட் எதை மாற்றினாலும் கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிற பழக்கம் நம் ஊரில் சர்வ சாதாரணமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். ரேடியோ நின்றுபோனதால் புது செட் வாங்கி நானே மாட்டினேன். பழையதை வெளியே இழுத்துப் பார்த்தால் பின்னால் கப்ளரே இல்லை, அதாவது எல்லா வயரையும் ஒன்றாகச் செருகி மாட்டுகிற பிளாஸ்டிக் இணைப்பு. முன்பு ஏதோ ஒரு கடையில் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வயரையும் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். வெயிலில் நின்று நின்று டேப்பின் பசை இளகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, டேப் பாதி கழன்று மஞ்சள் வயரின் செம்பு பளிச்சென்று வெளியே தெரிகிறது. மஞ்சள் என்றால் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும் பேட்டரியின் 12 வோல்ட் அதில் இருந்துகொண்டே இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டம். செம்பு அதில் பட்டால் ஷார்ட்தான். ஃப்யூஸ் ஒழுங்காக இருந்தால் ஃப்யூஸ் மட்டும் போய்விடும், கார் தப்பிக்கும். ஆனால் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்களே!

இவ்வளவுக்கும் வெட்டவே தேவையில்லாத வேலை இது. செட் உட்காருகிற இடத்துக்கு ஒரு பொது அளவு உண்டு. ஜெர்மனியில் வகுத்து பிறகு சர்வதேசத் தரமான அதைத்தான் நாம் கடையில் சிங்கிள் டின் (DIN) என்கிறோம், 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் உயரம் மட்டும் இரட்டிப்பு. காரின் கப்ளர் ஒரு மாதிரி, புது செட்டின் கப்ளர் வேறு மாதிரி, சிக்கல் அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற கப்ளர் வயர், சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், உங்கள் காரின் பெயரைச் சொன்னால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் செட்டுக்குக் கொடுக்கிறவர்களிடம் கப்ளர் வயர் வேண்டுமா என்று கேட்காமல் கடைக்காரர்கள் கட்டிங் பிளேயரை எடுப்பது ஏன் என்றுதான் எனக்குக் கோபம்.

நீங்களே மாட்டுவதாக இருந்தால் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். என்னுடையதைப் போல கப்ளர் போன கார் என்றால் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். அளக்கிற நேரம் மட்டும் மைனஸை மறுபடி மாட்டி, அளந்ததும் கழற்றிவிட்டு, சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுகிற வயரைப் புது செட்டின் மஞ்சளுக்கும், சாவியைத் திருப்பினால்தான் காட்டுகிற வயரைச் சிவப்புக்கும் கொடுக்க வேண்டும், கறுப்பு எர்த், அதாவது காரின் இரும்பு உடம்புக்கு. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட் ஸ்டேஷன்களை மறந்துவிடும். இரண்டையும் சேர்த்து நேர் பேட்டரியில் கொடுத்தால் செட் ஓயாமல் கரண்ட் இழுத்து பேட்டரி இறங்கிவிடும். ஸ்பீக்கர் மைனஸை மட்டும் எர்த்தில் கொடுத்துவிடாதீர்கள், இப்போதைய செட்களில் உள்ளே ஸ்பீக்கரை ஓட்டுகிற ஐ.சி. சிப் போய்விடும். எது எந்த ஸ்பீக்கரின் வயர் என்று தெரியவில்லையா, செட்டில் இணைக்கும் முன்பு ஒரு பென்சில் பேட்டரியை அந்த இரண்டு வயரிலும் ஒரு நொடி தொட்டால் அந்தக் கதவில் ‘டப்’ என்று கேட்கும். முறுக்கி விடாமல் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். உள்ளே மஞ்சள் உறை போட்ட வயர் கட்டோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர், அதன் பக்கமே கை போகக் கூடாது. ஏசி, கேமரா எல்லாம் ஒரே திரையில் இருக்கும் புதிய கார்களில் இந்த வேலையையே கையில் எடுக்க வேண்டாம், வாரன்டியும் போய்விடும்.

அப்புறம் எஃப்.எம். புது செட் மாட்டினால் சில ஸ்டேஷன் மட்டும் வரவில்லை என்று நல்ல செட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. செட்டின் மெனுவில் எந்த நாடு என்று கேட்கும் ஏரியா அமைப்பு அமெரிக்காவில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே புள்ளிக்குப் பின்னால் ஒற்றைப்படை எண்கள்தான், அதனால் 98.3, 93.5 எல்லாம் வரும், ரெயின்போவின் 101.4-உம் ஹலோவின் 106.4-உம் சரியாக நிற்காது. மாற்றிவிட்டால் சரியாகிவிடும். எல்லா ஸ்டேஷனுமே கரகரவென்றால், சில கார்களில் ஆன்டெனாவுக்குள் இருக்கும் பூஸ்டருக்கு செட்டின் நீல வயரிலிருந்து கரண்ட் போக வேண்டும், அதை யாரோ மாட்டாமல் விட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். திரை உள்ள செட்டில் ஹேண்ட்பிரேக்குக்கு என்று ஒரு வயர் வரும். வண்டி நின்றால்தான் படம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது. பல கடைகளில் அதை நேராக எர்த்தில் கொடுத்துவிடுகிறார்கள், வண்டி ஓட்டும்போதும் படம் ஓடுகிறது, வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கிறது. நெடுஞ்சாலையில் பக்கத்து வண்டி ஓட்டுநர் திரையைப் பார்த்துக்கொண்டு வருவதைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

உங்கள் வாகனப் பக்கத்தில் வாரா வாரம் புதுக் கார்களின் விலையும் மைலேஜும் வருகிறது, சந்தோஷம். ஒரு வாரம் இதற்கும் இடம் கொடுங்கள். ஸ்டீரியோ விற்கிற கடைகள் பில்லோடு கப்ளரையும் சேர்த்தே தர வேண்டும் என்று எழுதுங்கள், தமிழ்நாட்டில் அதிகம் ஓடுகிற பழைய கார்களுக்கு எந்தக் கப்ளர், எந்த நிற வயர் எதற்கு என்று தமிழில் ஒரு படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.