பட்டப்பகலில் வரும் பேய்

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உன் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது தானே பேப்பர் படிக்கிறாள்.

இன்னும் பேய்ப்படம்தான் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாய். ஆமாம்டா. போன வாரம் 'தி கார்' பார்த்தேன். 1977-இல் எலியட் சில்வர்ஸ்டீன் இயக்கியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பாலைவன மலைகளுக்கு நடுவே எடுத்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஊருக்கு எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கார் வருகிறது. உள்ளே ஆள் இல்லை. கதவில் கைப்பிடிகூட இல்லை. சைக்கிளில் போகும் ஒரு ஜோடியை முதலில் கொல்கிறது, அப்புறம் ஒவ்வொருவராக. வெளியானபோது விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டார்கள். அது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

நாம் பார்த்து வளர்ந்த பேய்ப்படங்களுக்கு இருட்டு வேண்டும், பாழடைந்த பங்களா வேண்டும். இதில் உச்சிவெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. ஒரு மைலுக்கு அப்பால் புழுதி கிளம்பும்போதே அது வருவது தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன செய்ய? ஒதுங்க ஒரு மரம் இல்லை, ஓடி நுழைய ஒரு திண்ணை இல்லை. என்னை உலுக்கியது அதுதான்.

பேட்மேன் டிவி தொடருக்குக் கார் செய்துகொடுத்த ஜார்ஜ் பாரிஸ்தான் இதையும் செய்தவர். ஒரு லிங்கன் கான்டினென்டலை எடுத்து, கூரையைத் தாழ்த்தி, முகப்பையே மாற்றியிருக்கிறார். எதிரே வரும்போது அதற்கு ஒரு முகம் இருப்பதுபோலவே தெரிகிறது.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். பேண்டு ஒத்திகையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளை அது துரத்துகிறது. எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவிட, கார் வாசலோடு நின்றுவிடுகிறது. புனித மண்ணில் அதனால் கால் வைக்க முடியாது. லாரன் என்ற டீச்சர் தைரியம் வந்து அதை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். பிறகு அவள் வீட்டில் போன் பேசிக்கொண்டிருக்கும்போது சன்னலுக்கு வெளியே இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. கார் வீட்டையே துளைத்துக்கொண்டு பாய்கிறது! இருட்டில் நடக்கும் காட்சிதான், ஆனால் அதற்கான பயம் பகலிலேயே நமக்குள் ஏறிவிட்டிருக்கும்.

முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வெடிவைத்துக் காரைச் சாய்த்ததும் நெருப்புக்குள் பிசாசு முகம் தெரிகிறது. அதுவரை என்னவென்றே தெரியாமல் இருந்ததற்கு இப்போது ஒரு பெயர் வந்துவிடுகிறது, பயம் பாதி போய்விடுகிறது. 1971-இல் ஸ்பீல்பெர்க் டிவிக்காக எடுத்த 'டூயல்' இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கலிபோர்னியாவின் வறண்ட மலைச்சாலையில் ஒரு பழைய டேங்கர் லாரி ஒருவனை விடாமல் துரத்துகிறது. ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை. டிரைவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகத்தைக் காட்டவே மாட்டார்கள். கதை எழுதிய ரிச்சர்ட் மேத்சனை 1963-இல், கென்னடி சுடப்பட்ட அன்று, ஒரு லாரி நிஜமாகவே நெருக்கிக்கொண்டு வந்ததாம். கதை அதிலிருந்து பிறந்தது. பிசாசு என்று யாரும் சொல்லாத அந்த லாரிதான் எனக்கு நிஜமான பிசாசாகத் தெரிகிறது.

நீ 'டூயல்' பார்க்கவில்லை என்றால் முதலில் அதைப் பார். முடிவில் லாரி பள்ளத்தில் விழும்போது ஒரு மிருகம் உறுமுவதுபோல ஓசை வரும், கவனி. 'ஜாஸ்' படத்தில் சுறா செத்து மூழ்கும்போதும் ஸ்பீல்பெர்க் அதே ஓசையை வைத்தார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி